கரண்ட் வரவில்லை: ஸ்கூடாய்ப் பட்டறைப் பேச்சும் பழுதறியும் நெறியும்



இச்சொற்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் சொல்லாய்வும் பேசப்பட்டு வந்துள்ளன. இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் காடியின் பின்பெட்டிக்குள் இருப்பது. காடியில் பொருத்திய ஒலிக்கருவிக்குரிய பெருக்கி, நம் இளைஞர் ‘ஆம்ப்’ என்று வழங்குவது, விட்டுவிட்டு வேலை செய்கிறது. ஒரு வேளை அதன் விளக்கு எரிகிறது. மறு வேளை எரிவதில்லை. இப்பழுதைக் கண்டறிவது எவ்வாறு என்பது ஒரு வினா. கண்டறியும் அவ்வேலையில் நம் மொழி எங்கே துணைநிற்கிறது, எங்கே நம்மைத் திசைதிருப்புகிறது என்பது மற்றொரு வினா. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கினால்தான் இரண்டுக்கும் விடை கிடைக்கும் என்பதே இன்றைய பேச்சின் கருத்து.

இவ்வாய்வுக்கு ஸ்கூடாய் மிகப் பொருத்தமான களம். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் இங்கே உள்ளது. வளாகத்துக்கு வெளியே தாமான் யுனிவர்சிட்டி முதலிய குடியிருப்புகளின் கடைவரிசைகளில் காடிப் பட்டறைகள் உள்ளன. விடியுமுன் எழுந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் இவ்வட்டாரத்தில் பலர். பால நெரிசலில் நெடுநேரம் காத்திருப்பவருக்குக் காடியில் ஒலிக்கும் பாட்டு ஆடம்பரமன்று, வழித்துணை. அத்துணை அறுந்தறுந்து ஒலிக்கத் தொடங்கும்போது அவர் போமனைத் தேடி வருகிறார். ஃபோர்மன் என்னும் ஆங்கிலச் சொல் மலாயில் போமன் ஆகி, காடி பழுதுபார்ப்பவரைக் குறித்து, நம் தமிழிலும் அவ்வாறே வழங்குகிறது. இத்தகைய சொற்களை இழிவென ஒதுக்க யாம் வரவில்லை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொல்லை நால்வகையாகப் பகுத்த தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கும் இடம் தந்தார். போமனும் வயரும் ஃபியூசும் ஸ்கூடாய்த் தமிழின் திசைச்சொற்கள். எம் கவலை இவற்றைப் பற்றியதன்று. அனைவரும் அறிந்ததாகத் தோன்றும் ஒரு சிறு தொடரைப் பற்றியது.

ஒரு தொடரின் மூன்று மறைப்புகள்

பட்டறைக்கு வருபவர் சொல்வார்: “அண்ணே, ஆம்புக்குக் கரண்ட் வரல.” போமனின் உதவியாளன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வான்: “கரண்ட் வருதே!” இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் கூற்றும் ஒரே நேரத்தில் மெய்யாக இருக்க இயலும். ‘கரண்ட்’ என்ற ஒரு சொல் வெவ்வேறு பொருள்களைச் சுமந்து நிற்பதே இதற்குக் காரணம்.

மின்னியலில் மின்னழுத்தம் வேறு, மின்னோட்டம் வேறு. அழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, வோல்ட்டால் அளக்கப்படுவது. ஓட்டம் என்பது கம்பியின் வழியே செல்வது, ஆம்பியரால் அளக்கப்படுவது. அழுத்தம் இருந்தும் ஓட்டம் இல்லாதிருக்கலாம். மூடிய குழாயில் நீர் அழுத்தத்தோடு நிற்கிறது, ஓடுவதில்லை. மலாய் மொழி பள்ளியில் இவற்றை ‘வோல்த்தான்’ என்றும் ‘ஆருஸ்’ என்றும் பிரித்துக் கற்பிக்கிறது. தமிழிலும் இரண்டுக்கும் நெடுங்காலமாகத் தனிச்சொற்கள் உள்ளன. எனினும் பட்டறையில் இரண்டும் ‘கரண்ட்’ என்னும் ஒரே பைக்குள் போய்விடுகின்றன. கரண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள் ஓட்டம் என்பதுதான். நாமோ ஓட்டத்தின் பெயரை அழுத்தத்துக்கும், மின்சாரம் முழுமைக்கும் சேர்த்துச் சூட்டிவிட்டோம். இது முதல் மறைப்பு.

இரண்டாவது மறைப்பு ‘வருதல்’ என்னும் வினையில் உள்ளது. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுத்தார். ‘வருகிறது’ என்பவன் வந்துசேரும் இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டு பேசுகிறான். ‘கரண்ட் வரல’ என்பவன் பெருக்கியின் பக்கத்தில் நின்று, பேட்டரியிலிருந்து தன்னை நோக்கி வரும் சிவப்புக் கம்பியை மட்டும் பார்க்கிறான். ஆனால் மின்னோட்டம் வந்து தங்கும் விருந்தாளியன்று. வந்தது திரும்பிச் சென்றாக வேண்டும். காடியில் அது திரும்பும் வழி, கறுப்புக் கம்பி ஒன்றின் வாயிலாகக் காடியின் இரும்புடம்பை அடைந்து, உடம்பின் வழியே பேட்டரியின் எதிர்முனைக்குச் செல்வது. இதனையே ‘எர்த்து’ அல்லது ‘பாடி எர்த்து’ என்கிறோம். தரையிணைப்பு என்று இங்கே குறிப்போம். ‘வருதல்’ என்னும் வினை இத்திரும்பு வழியை நம் பார்வையிலிருந்து விலக்கிவிடுகிறது. விட்டுவிட்டு வேலைசெய்யும் பெருக்கிகளில் முதலில் ஐயுற வேண்டிய இடங்களுள் ஒன்று அத்தரையிணைப்பே.

மூன்றாவது மறைப்பு காலத்தைப் பற்றியது. எப்போது அளந்தபோது கரண்ட் இருந்தது? பெருக்கி உறங்கும்போதா, உரத்துப் பாடும்போதா? இவ்வினா அத்தொடருக்குள் இடம்பெறவே இல்லை. ஆனால் விடை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

உறங்கும்போது காணும் பொய்

இங்கே சிறிது கணக்குப் பார்க்கலாம். இயந்திரம் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரியின் அழுத்தம் ஏறத்தாழ 12.6 வோல்ட். இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காணலாம். பெருக்கி உரத்துப் பாடும்போது 30 ஆம்பியர் ஓட்டத்தை எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரையிணைப்பில் வண்ணப்பூச்சு முழுமையாகச் சுரண்டப்படவில்லை. மரையாணி சற்றே நெகிழ்ந்துள்ளது. ஈரக்காற்றால் துரு ஏறியுள்ளது. இவற்றால் அங்கே ஓர் ஓமின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 ஓம், மின்தடை உண்டாகிறது. 30-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 3. மூன்று வோல்ட் அவ்விணைப்பிலேயே வெப்பமாக அழிகிறது. இயந்திரம் நின்ற நிலையில் பெருக்கிக்குக் கிடைப்பது 9.6 வோல்ட். பல பெருக்கிகள் ஏறத்தாழ 10 வோல்ட்டுக்குக் கீழே அழுத்தம் இறங்கினால் தம்மைத் தாமே அணைத்துக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டவை.

அணைந்தவுடன் நிகழ்வதைக் கவனிக்க வேண்டும். பெருக்கி அணைந்ததும் ஓட்டம் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஓட்டம் இல்லையேல் இணைப்பில் இழப்பும் இல்லை. ஆகவே அழுத்தம் உடனே 12.6-க்கு மீள்கிறது. மீண்டதும் பெருக்கி மறுபடி விழிக்கிறது, பாடுகிறது, மறுபடி அணைகிறது. இதுவே ‘விட்டுவிட்டு’ என்பதன் உள்ளியக்கம். பழுது தன்னைத் தானே மறைத்துக்கொள்கிறது. பெருக்கி அணைந்த பிறகு உதவியாளன் மீட்டரை வைக்கிறான், 12.6 காட்டுகிறது, “கரண்ட் வருதே” என்கிறான். அவன் அளந்தது சரியே. அளந்த நேரம்தான் தவறு.

மீட்டரின் இயல்பையும் சேர்த்து எண்ண வேண்டும். இக்கால எண்காட்டி மீட்டர்கள் பலவற்றின் உள்தடை 10 மெகா ஓம். அம்மீட்டர் எடுத்துக்கொள்ளும் ஓட்டம் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒன்று அளவினது. பெருக்கியிலிருந்து கழற்றிய கம்பியின் நுனியில் மீட்டரை வைத்தால், நடுவே துருவால் 1000 ஓம் தடை உண்டாகியிருந்தாலும் அது 12.6 என்றே காட்டும். அக்கம்பியால் ஒரு சிறு பல்பைக்கூட எரிக்க இயலாது. ஆகவே பழைய போமன்கள் கையில் வைத்திருக்கும் சோதனைப் பல்பு பழைமையின் எச்சமன்று, தக்க கருவி. வளைவுக்குறி விளக்கின் 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் எடுக்கும். முற்றிலும் கெட்ட இணைப்பை அது காட்டிக்கொடுத்துவிடும். ஆயினும் 0.1 ஓம் தடையுள்ள இணைப்பில் அப்பல்பு நன்றாகவே எரியும். அங்கே இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. அத்தகைய நுண்ணிய பழுதைக் காட்டவல்ல சுமை பெருக்கியே. அது பாடும்போதே அளத்தல் வேண்டும்.

‘போது’ என்னும் கருவி

இப்போது மொழிக்குத் திரும்புவோம். தமிழ் வினையெச்சங்களும் காலங்காட்டும் இடைச்சொற்களும் பழுதறியும் வேலைக்கென்றே அமைந்தவைபோல் உள்ளன. வந்தவரிடம் “என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்டால் “கரண்ட் வரல” என்பதே விடை. “எப்பப்ப நிக்குது?” என்று கேட்டால் அவர் தம்மை அறியாமலே பழுதின் இருப்பிடத்தைக் கூறத் தொடங்கிவிடுவார்.

“பள்ளத்துல விழும்போது நிக்குது” என்றால் நெகிழ்ந்த இணைப்பை நோக்க வேண்டும். தரையிணைப்பின் மரையாணி, ஃபியூஸ் கூடு, பெருக்கியின் திருகுமுனை ஆகியவை முதலில் நோக்கத்தக்கவை.

“சத்தத்தை ஏத்தினவுடனே நிக்குது”, “அடி விழும்போதெல்லாம் நிக்குது” என்றால் சுமை ஏறுகையில் அழுத்தம் இறங்குகிறது. தரையிணைப்பு, மெல்லிய கம்பி, முதுமையடைந்த பேட்டரி ஆகியவற்றை நோக்க வேண்டும். செம்பு என்று விற்கப்படும் கம்பிகளுட் சில அலுமினியத்தின்மேல் செம்பு பூசியவை. ஒரே பருமனில் அவற்றின் தடை தூய செம்பினும் மிகுதி.

“அரை மணி நேரம் ஓடினபிறகு நிக்குது, ஆறினபிறகு வருது” என்றால் வெப்பம் காரணமாகலாம். இருக்கைக்கு அடியில் காற்றோட்டமின்றிப் பெருக்கியை அடைத்துவைத்தலும், அதன் வரம்புக்கு மிஞ்சி ஸ்பீக்கர்களை இணைத்தலும் வெப்பத்தை மிகுவிக்கும். நம் வெயிலில் மூடி நிறுத்திய காடிக்குள் வெப்பம் முன்னமே மிகுந்திருக்கும்.

“ரேடியோ வச்சா பாடுது; புளூடூத் வச்சா பாடல” என்றால் அது விட்டுவிட்டு நிகழும் பழுதே அன்று; ஒழுங்காக நிகழும் ஒன்று. பெருக்கியை எழுப்புவதற்கென ரேடியோவிலிருந்து ஒரு மெல்லிய கம்பி செல்கிறது. ‘ரிமோட் வயர்’ என்பர், எழுப்புக்கம்பி என்போம். தனியே வாங்கிப் பொருத்தும் ரேடியோக்களில் பரவலாக உள்ள வழக்கப்படி நீலத்தில் வெள்ளைக்கோடிட்ட கம்பி பெருக்கியை எழுப்புவது. தனி நீலக்கம்பி வானலை வாங்கியை உயர்த்துவது. சில ரேடியோக்களில் தனி நீலக்கம்பிக்கு அழுத்தம் கிடைப்பது வானொலி பாடும்போது மட்டுமே. எழுப்புக்கம்பியை அதனோடு இணைத்துவிட்டால் புளூடூத்துக்கு மாறியதும் பெருக்கி உறங்கிவிடும்.

இந்நான்கு கூற்றுகளிலும் பெயர்ச்சொல் எதுவும் மாறவில்லை. மாறியவை ‘போது’, ‘உடனே’, ‘பிறகு’, ‘வச்சா’ என்பவை. கலைச்சொல் என்றால் பெயர்ச்சொல் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பழுதறிபவனுக்கு இவ்வெச்சங்களே முதற்கருவிகள். இவற்றுக்கு எந்த அகராதிக் குழுவும் கூடத் தேவையில்லை. ஒவ்வொரு தமிழரிடமும் இவை முன்னமே உள்ளன. கேட்பவர்தாம் தேவை.

வரிசை

கேட்டறிந்தபின் பார்த்தறிதல். பழுது நிகழும் அந்நேரத்தில் பெருக்கியின் விளக்கைப் பார்க்க வேண்டும். மூன்று நிலைகளுள் ஒன்று காணப்படும்: விளக்கே இல்லை, காப்பு விளக்கு எரிகிறது, பல பெருக்கிகளில் இது சிவப்பு, இயக்க விளக்கு எரிந்தும் ஒலி இல்லை. மூன்றாம் நிலையில் மின்வழங்கலைத் தேடி அலைய வேண்டா. ஒலிக்குறிப்பைக் கொண்டுவரும் கம்பியையும் ஸ்பீக்கர் கம்பியையும் நோக்குக.

காப்பு விளக்கு எரிந்தால், அணைத்துவிட்டு ஸ்பீக்கர் கம்பிகள் அனைத்தையும் கழற்றி மீண்டும் எழுப்பிப் பார்க்க வேண்டும். விளக்கு இயல்புக்குத் திரும்பினால் பழுது பெருக்கிக்கு வெளியே. கதவின் வழியே செல்லும் கம்பி தோல் உரிந்து இரும்புடம்பைத் தொட்டிருக்கலாம். கதவைத் திறந்து மூடும்தோறும் வளையும் இடம் அது. அல்லது ஸ்பீக்கர்களை இணைத்த முறையில் மொத்தத் தடை பெருக்கியின் வரம்பினும் குறைந்திருக்கலாம். கழற்றிய பின்னும் காப்பு விளக்கே எரிந்தால், ஒலிக்குறிப்புக் கம்பியையும் நீக்கிப் பார்த்து, வழங்கும் அழுத்தத்தையும் அளந்த பிறகே உட்பழுதை ஐயுற வேண்டும்.

விளக்கே இல்லையெனில் மீட்டரை நேரோட்ட 20 வோல்ட் நிலையில் வைத்து, பெருக்கியின் திருகுமுனைகளிலேயே அளக்க வேண்டும். இங்கேதான் ‘இடையே’ என்னும் சொல் தேவைப்படுகிறது. மின்னழுத்தம் ஒரு புள்ளியில் இருப்பதன்று. இரு புள்ளிகளுக்கு இடையே இருப்பது. “சிவப்பில் எவ்வளவு?” என்ற வினா குறைவினா. “சிவப்புக்கும் எர்த்துக்கும் இடையில் எவ்வளவு?” என்பதே நிறைவினா.

முதல் அளவு, சிவப்பு முனைக்கும் தரைமுனைக்கும் இடையே. அது 12-க்கு மிகக் குறைந்திருந்தால் சிவப்பு ஊசியை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, கறுப்பு ஊசியை மட்டும் எடுத்து, காடியுடம்பில் வண்ணமற்ற தூய இரும்பில் வைக்க வேண்டும். அளவு 12-க்கு உயர்ந்தால் பழுது தரையிணைப்பில். உயராவிட்டால் பழுது சிவப்புக் கம்பியின் வழியில். பேட்டரிக்கு அருகிலுள்ள ஃபியூஸ் கூட்டை முதலில் திறந்து பார்க்க வேண்டும். ஃபியூஸ் முறியாதிருந்தும் கூட்டின் பற்கள் பச்சை பூத்திருக்கக்கூடும்.

இரண்டாம் அளவு, எழுப்பு முனைக்கும் தரைமுனைக்கும் இடையே. ரேடியோ இயங்கும்போது இங்கும் 12 வோல்ட் அளவில் இருத்தல் வேண்டும். இல்லையெனில், எழுப்புக்கம்பியைக் கழற்றிவிட்டு, சிறு ஃபியூஸ் கோத்த ஒரு துண்டுக்கம்பியால் சிவப்பு முனையையும் எழுப்பு முனையையும் சிறிதுநேரம் இணைத்துப் பார்க்கலாம். பெருக்கி விழித்துக்கொண்டால் அது நலமாகவே உள்ளது. பழுது எழுப்புக்கம்பியிலோ ரேடியோவிலோ இருக்கிறது.

மூன்றாம் அளவு, பெருக்கி பாடும்போது எடுப்பது. பேட்டரியின் எதிர்முனைக்கும் பெருக்கியின் தரைமுனைக்கும் இடையே நீண்ட கம்பியின் உதவியால் அளக்க வேண்டும். நல்ல இணைப்பில் இங்கே ஏறத்தாழ ஒன்றுமே இராது, 0.2 வோல்ட்டுக்குள் அடங்குவது நலம். ஒன்றோ இரண்டோ வோல்ட் காட்டினால் திரும்பு வழியில் தடை உள்ளது. ‘கரண்ட் வரல’ என்னும் தொடரால் ஒருபோதும் கேட்க முடியாத வினாவுக்கு விடை இவ்வளவில் இருக்கிறது. ‘வருகிறதா’ என்று கேளாமல் ‘திரும்பிச் செல்கிறதா’ என்று கேட்டால்தான் இவ்வளவை எடுக்கும் எண்ணமே தோன்றும்.

மூன்று அளவுகளும் சரியாக இருந்து, பெருக்கியின் புறத்தே செருகியுள்ள ஃபியூசும் நலமாக இருந்து, அப்போதும் விளக்கு எரியாவிட்டால், பழுது பெருக்கிக்குள் இருக்கிறது என்று சொல்லும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. உள்ளே பற்றாசு வெடித்திருக்கலாம். வெப்பத்தால் விரிந்தும் குளிர்ந்து சுருங்கியும் அது விட்டுவிட்டு இணையும். அது தனித்திறன் உடையோர் வேலை.

செப்பம் செய்கையில் மனங்கொள்ள வேண்டியவை சில. கம்பியில் கைவைக்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுக. தரையிணைப்பு அமையும் இடத்தில் வண்ணத்தைப் பளபளக்கும் இரும்பு தெரியுமளவு சுரண்டி, வளைய முனையை மரையாணியால் இறுக்கி, ஈரம் புகாதபடி மேலே பூச்சு இடுக. தரைக்கம்பி சிவப்புக் கம்பியின் பருமனுக்குக் குறையலாகாது. நீளம் குறைவாக இருத்தல் நன்று. இருக்கைவார் பூட்டிய மரையாணியை இதற்குப் பயன்படுத்தலாகாது. அது உயிர்காக்கும் பூட்டு. புதிதாகத் துளையிடுமுன் அடியில் எரிநெய்க் கலமோ குழாயோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூசைப் போடுதல் கூடவே கூடாது. பேட்டரியருகே உள்ள ஃபியூஸ் காப்பது கம்பியை. கம்பியின் வரம்பை மீறினால் எரிவது காடி.

‘இருக்கும்’, ‘இருக்கிறது’

இனி ஒரு வினைமுற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழில் ‘இருக்கும்’ என்பது எதிர்காலம் மட்டுமன்று, ஊகத்தையும் காட்டும். “ஆம்ப் போயிருக்கும்” என்றால் பேசுபவர் கருதுகிறார் என்று பொருள்; “ஆம்ப் போயிருக்கு” என்றால் கண்டறிந்துவிட்டார் என்று பொருள். ஒரு மகரமெய்யில் அடங்கிய வேறுபாடு இது. பட்டறையில் இம்மெய் எளிதில் தேய்ந்துவிடுகிறது. காலையில் ஊகமாகப் பிறந்தது மாலையில் விலைச்சீட்டாகிறது. வந்தவர் புதுப் பெருக்கிக்குப் பணம் கட்டுகிறார்.

இதிலுள்ள கேடு பெரிது. புதுப் பெருக்கியைப் பொருத்துகையில் பழைய தரைக்கம்பியைக் கழற்றி மீண்டும் இறுக்குகிறார்கள். இறுக்கியதால் இணைப்புச் சில நாள் நன்றாக இருக்கிறது. புதுப் பெருக்கி பாடுகிறது. “பழைய ஆம்ப்தான் கெட்டுப்போச்சு” என்று அனைவரும் உறுதிகொள்கின்றனர். நன்றாக இருந்த கருவி குப்பைக்குப் போகிறது. சில வாரங்களில் மரையாணி மீண்டும் நெகிழ, புதியதும் விட்டுவிட்டுப் பாடுகிறது. தினக்கூலியில் வாழ்பவர் இருமுறை பணம் இழக்கிறார். போமன் பெயர் இழக்கிறார். உதவியாளன் தவறான பாடம் ஒன்றைக் கற்றுக்கொள்கிறான். மூவருள் மிகப் பெரிய இழப்பு உதவியாளனுடையது. அப்பாடத்தை அவன் அடுத்த முப்பது ஆண்டுகளுக்குச் சுமப்பான்.

நோயையும், நோயின் முதலையும், அதனைத் தணிக்கும் வழியையும் வரிசைப்படுத்தி ஆராயுமாறு திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் பணிக்கிறது. மேடைகளில் நாம் அதனை மருத்துவர்க்கே உரியதாக்கிவிட்டோம். விளக்கு அணைதல் நோய். நெகிழ்ந்த மரையாணி நோய்முதல். புதுப் பெருக்கி, முதல் நாடாது கொடுத்த மருந்து. வள்ளுவர் வகுத்த வரிசை பட்டறைக்கும் உரியது.

எங்கே அறுந்தது?

இவ்வளவும் தமிழில் சொல்ல இயலுமாயின், ஏன் சொல்லப்படுவதில்லை? தமிழ்ப்பள்ளியில் படிக்கும் சிறுவன் பேட்டரி, பல்பு, கம்பி ஆகியவற்றை இணைத்து மின்சுற்றை வரைகிறான். சுற்று மூடினால்தான் பல்பு எரியும் என்பதை அவன் தமிழிலேயே அறிகிறான். ‘சுற்று’ என்னும் சொல் எத்துணை நேர்மையானது என்று எண்ணிப் பாருங்கள். போனது திரும்ப வேண்டும் என்பதை அச்சொல்லே கற்பித்துவிடுகிறது. ‘கரண்ட் வரல’ என்னும் தொடர் மறைக்கும் திரும்பு வழியை ‘சுற்று’ மறைப்பதில்லை.

பன்னிரண்டு அகவையில் அவன் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறான். அங்கே மின்னியல் மலாயிலும் ஆங்கிலத்திலும் வளர்கிறது. வளரட்டும், அது அவனுக்கு வேண்டும். ஆனால் அவனுடைய தமிழ் மின்னியல் பன்னிரண்டு அகவையிலேயே நின்றுவிடுகிறது. இருபதில் பட்டறைக்கு வருகிறான். சீன முதலாளியிடம் மலாயிலும், உதிரிப்பொருள் கடையில் கலப்பு மொழியிலும், நம்மவரிடம் தமிழிலும் பேசுகிறான். அறிந்த அறிவு ஒரு மொழியில். விளக்க வேண்டிய ஆள் மற்றொரு மொழியில். இடையே பாலம் இல்லாமையால் ‘கரண்ட்’ என்னும் ஒற்றைப் பலகையைப் போட்டுக் கடக்கிறான். சொல் இல்லாத குறை அன்று இது. கற்ற சொல் வேலைக்கு வராமல் போன குறை.

பெயர்களிலும் சற்றுத் தெளிவு வேண்டும். ஒலிபெருக்கி என்பதைத் தமிழர் பெரும்பாலும் ஸ்பீக்கருக்கு வழங்குகின்றனர். மலாயிலும் ஸ்பீக்கருக்குரிய ‘பெம்பெசார் சுவாரா’ என்பதன் நேர்ப்பொருள் ஒலியைப் பெரிதாக்குவது என்பதே. ஆனால் ஒலிக்குறிப்பைப் பெருக்குவது ஆம்ப். அதனைக் காற்றில் ஒலியாக மாற்றுவது ஸ்பீக்கர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஆம்புக்கு ‘விரியலாக்கி’ என்னும் தனிச்சொல்லை வழங்கி இக்குழப்பத்தைத் தவிர்த்தன. அச்சொல்லையே நாமும் ஏற்க வேண்டும் என்று வற்புறுத்த மாட்டோம். ஆம்ப், ஸ்பீக்கர் என்றே சொல்லலாம், குழப்பம் இல்லை. ‘வயர்’ என்றால் தவறான கம்பியை எவரும் கழற்றுவதில்லை. ‘கரண்ட்’ என்றால் தவறான பொருளை வாங்கிவிடுகின்றனர். ஒரு திசைச்சொல்லை ஏற்பதா விடுவதா என்பதற்கு இதுவே தக்க அளவுகோல்: அது கருத்தைப் பிரித்துக்காட்டுகிறதா, மறைக்கிறதா? தூய்மை என்னும் அளவுகோல் பட்டறையில் பயன்தராது. தெளிவு என்னும் அளவுகோல் பயன்தரும்.

ஒரு வேண்டுகோள்

இம்மொழிக் கழகத்தின்முன் யாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. கலைச்சொற் பட்டியல்கள் பல வெளிவந்துவிட்டன. மேலும் ஒன்று வேண்டா. ஒரே தாளில் அடங்கும் பழுதறி வினாத்தாள் ஒன்றை அச்சிட்டு, ஸ்கூடாய் வட்டாரப் பட்டறைச் சுவர்களில் ஒட்டுவோம். அதில் சொற்பட்டியல் இராது, வினாக்களே இருக்கும்.

எப்போதெல்லாம் நிற்கிறது? நிற்கும்போது எந்த விளக்கு எரிகிறது? எந்த இரண்டு முனைகளுக்கு இடையே அளந்தீர்கள்? அளக்கும்போது பாடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா? எர்த்து வழியாகத் திரும்பிச் செல்கிறதா? கண்டறிந்தது எது, ஊகித்தது எது?

இவ்வாறு வினாக்களையும் போமன்கள் தங்கள் பேச்சுநடையில் மாற்றிக்கொள்ளட்டும். ‘மின்னழுத்தம்’ என்றே சொல்ல வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ‘வோல்ட்’ என்றாலும் ஏற்போம். ‘எத்தனைக்கும் எத்தனைக்கும் இடையில்’ என்பதை மட்டும் விட்டுவிடலாகாது. தமிழாசிரியர்களுக்கும் ஒரு சொல். மின்சுற்றுப் பாடம் நடத்தும் நாளில், பழுதுபார்க்கும் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, நெகிழ்ந்த இணைப்பு ஒன்றைக் காட்டச் செய்யுங்கள். பேட்டரியும் பல்பும் மீட்டரும் போதும். சுற்று அறுவதும் கூடுவதும் எப்படி என்று மாணவர் கண்ணால் காண்பர். அவர்கள் கற்ற தமிழ்ச்சொல் கையோடு சேரும்.

ஒரு மொழி தொழிலில் வாழ்கிறது என்பதற்குச் சான்று, அம்மொழியில் பொருள்களுக்குப் பெயர் இருப்பது மட்டுமன்று. “இல்லை, நீ அளந்தது நின்றபோது, பாடும்போது அள” என்று மூத்தவர் இளையவரைத் திருத்த அம்மொழி பயன்பட வேண்டும். அத்திருத்தம் ஸ்கூடாயின் பட்டறைகளில் தமிழில் நிகழ்தற்கு வேண்டிய சொற்கள் அனைத்தும் நம்மிடம் உள்ளன. பின்வரிசையிலுள்ள இளைஞர்களே, நாளைக் காலை முதலில் வரும் காடியிலேயே இவ்வினாக்களைக் கேட்டுப் பாருங்கள்.